சூப்பர்வைசரோடு வந்த ஆய்வு

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளுக்கு யாராவது ஆய்வு செய்ய வருகிறார்கள் என்றால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள். இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் எண்ணித்தான் எங்கள் தாய் தகப்பனைக் கப்பலேற்றினார்கள். இன்னும் எண்ணி முடியவில்லை போல.

குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு அந்த வருடம் ஓர் ஆய்வாளர் வந்தார். பிழைப்புக்காகக் கீழே போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் மலையில் விட்டுப்போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துக் கொடுத்தால், அதை வைத்து அரசாங்கம் பிள்ளைகளுக்கு விடுதி கட்டும் என்றார். கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் தங்கையும் அவள் புருஷனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். அவர்கள் மகள் என்னிடம் வளர்ந்தாள். எஸ்டேட் பள்ளியில் எட்டாவதோடு சரி. மேலே படிக்க டவுனில் தங்கவேண்டும். விடுதி இல்லையென்றால் அவளும் பனியன் கம்பெனிக்குத்தான்.

அந்த மனுஷன் தனியாக வந்திருக்கக் கூடாதா? வழிகாட்ட என்று எஸ்டேட் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். எங்கள் ஊரில் வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் வீடு. என் தங்கை வீட்டில் வேலை அவள் பேரில்தான்; அவள் இடுப்பு வலியென்று லீவில் இருப்பதாக ஆபீசில் சொல்லி வைத்திருந்தோம். வேறு வேலைக்குப் போனது தெரிந்தால் பேரை வெட்டி வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அவள் வீட்டு வாசல் கொடியில் அவள் சேலையை நானே நனைத்துக் காயப்போடுவேன். லைனில் பாதிக் கொடிகளில் அப்படித்தான் சேலை காய்ந்தது.

"உங்க குடும்பத்துல யாராவது வெளியூர் போயிருக்காங்களாம்மா?" என்று ஆய்வாளர் கேட்டார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் என் வாயையே பார்த்தார்.

"இல்லீங்க. எல்லாரும் இங்கதானுங்க இருக்கறோம். தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறா."

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்தான். ஆய்வாளரும் சிரித்த முகத்தோடு செல்போனில் தட்டிக்கொண்டே போனார். மண்டையில் கொஞ்சம் மசாலா இருந்தால், இத்தனை கதவு ஏன் பூட்டிக்கிடக்கிறது என்று கேட்டிருக்க மாட்டாரா?

சில மாதம் கழித்து, முடிவைச் சொல்ல எஸ்டேட் மண்டபத்தில் கூட்டம் போட்டார். சுவரில் கலர் கலராகப் படம் காட்டினார்.

"சந்தோஷமான விஷயம். உங்க எஸ்டேட்டை விட்டு யாருமே வெளியே போகலை. அதனால விடுதியை வேற இடத்துக்குப் பரிந்துரை பண்ணியிருக்கோம்."

சந்தோஷமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிட்டேன்.

"ஏனுங்க, ஊட்டைப் புடுங்கறவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேட்டா எவ உண்மையைச் சொல்லுவா? என் தங்கச்சி திருப்பூருல இருக்கறா. புள்ளய எங்கிட்ட உட்டுட்டுப் போயிருக்கறா. இப்ப எழுதிக்கங்க!"

என்னைப்போல் சேலை காயப்போட்டவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஆய்வாளரின் முகம் செத்துவிட்டது. "ரிப்போர்ட்டை அனுப்பிட்டோம்மா. இனிமே மாத்த முடியாது" என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் எழுந்து என் அருகே வந்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"அப்ப உங்க தங்கச்சி ஊட்டுச் சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது?"