மெர்சியம்மா நகர்த்திய நாற்காலி

யாரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று, பனியன் கம்பெனி சூப்பர்வைசர் குலத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். மெர்சியம்மா இறந்துபோய்விட்டார் என்ற செய்தி காலையில் வந்ததும், எங்கள் தையல் மெஷின்கள் அத்தனையும் தாமாகவே நின்றன. நான் மட்டும் டீ கேட்டேன். அவர் என் பரம எதிரி.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஊசி போடாத டாக்டர் அவர். உடம்புக்கு நல்லதென்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் செய்வதில்லை என்பதைப் படித்த தூத்துக்குடிக்காரர்.

ஒருமுறை எங்கள் டெய்லர் சரசு நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சலில் மெஷின் மேலேயே சாய்ந்தாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில். என் தையல் லைனில் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. பவானிசாகர் அணைகூட நிரம்பினால் திறந்துவிடும். என் லைனில் ஒருத்திகூட எழ மாட்டாள். கழிவறை வாசலில்தான் என் சிம்மாசனம். நான் முறைத்தால் கடிகாரமே வேகமாக ஓடும். 'தண்ணீர் குடிப்பீர்' என்று கதவளவு போஸ்டரும் ஒட்டியிருந்தேன். வேறென்ன செய்வான் ஒரு மனிதன்?

முதலாளி மெர்சியம்மாவை அழைத்தார். அந்த அம்மாள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நூல்கண்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து, யார் எழுகிறார்கள், யார் பாதியில் திரும்புகிறார்கள் என்று நாளெல்லாம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி நல்லதுன்னு அவளுவளுக்குத் தெரியும். உங்க மூஞ்சியத் தாண்டிப் போவணும்லா, அதான் குடிக்க மாட்டேங்காளுவ."

"அதுக்குன்னு கம்பெனியே கக்கூஸ்ல குடியிருக்கோணுங்களா?"

"நாற்காலிய ஒரு வாரம் கட்டிங் டேபிள் பக்கம் போடுங்க. கம்பெனி முழுகிட்டுன்னா என்னைய வந்து ஏசுங்க."

கம்பெனி முழுகவில்லை. அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போய்த் தொலைந்தது. அந்த வாரம் அவர்கள் குடித்த தண்ணீரில் நொய்யல் ஆறே கரைபுரண்டிருக்கும். சரசுவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. ஆட்சி இழந்த மன்னனாக நான் வெட்டிய துணிகளுக்கு நடுவே கிடந்தேன்.

ஆகவே, அவர் இறந்த செய்தி வந்த அன்றே சிம்மாசனத்தை மீட்டேன். கழிவறை வாசலில் போட்டுக் கால்மேல் கால் போட்டு அமர்ந்தேன். சரசு எழுந்து வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"ஏன் கண்ணு, போகலையா?"

"அப்பறம் போய்க்கறனுங்கண்ணா."

திரும்பிப் போய், பாதி குடித்த பாட்டிலை இறுக்கி மூடினாள். போஸ்டர் அவள் தலைக்கு மேலேதான் இருந்தது.

மெஷின்கள் தாமாக நின்றது பொய். கடிகாரம் ஓடியதும் பொய். அதன் பிறகு நாற்காலியை என் கையாலேயே மறுபடி கட்டிங் டேபிளுக்குத் தூக்கிப் போனது மட்டும் நிஜம். மெர்சியம்மாவிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த இடம்தான். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.