மிதவையைக் கட்டாதீர்கள்

ஆற்றுப் போக்குவரத்து அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். வரைபடம் போடுகிறவள் என்பதற்காக மட்டும் வைத்த பெயரல்ல. டீ டம்ளரைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பாள். யாராவது காலண்டரைக் கோணலாக மாட்டிவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடாது. அப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டதோ, கண்ணில் பட்டதையெல்லாம் முடிச்சுப் போடுகிற ஒருவனை. நடுத்துறையில் படகு வந்து அணையும்போது கயிற்றைப் பிடித்துக் கட்டுவது அவன் வேலை. எல்லோரும் 'முடிச்சு' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அரிசிப் பை, குப்பைப் பை, ஜன்னல் திரை என்று வீடு முழுக்க அவன் கைவண்ணம்தான். கத்தரிக்கோல் இல்லாமல் அந்த வீட்டில் உலை வைக்க முடியாது.

அவர்கள் கல்யாணக் கதை காலைப் படகில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். அவள் என்றைக்கும் கடைசி நிமிடத்தில்தான் மூச்சிரைக்க ஓடி வருவாள். கண்ணை மூடிக்கொண்டு கயிறு அவிழ்க்கக்கூடியவனுக்கு, அவள் தலை தெருமுனையில் தெரிகிறவரை விரல் மரத்துப்போகும். "என்னப்பா, இன்னிக்கும் சிக்கிக்கிச்சா?" என்று படகோட்டி கத்துவார். அவள் மிதவையில் காலை வைத்ததும் கயிறு தானாக அவிழும். பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். பிறகு கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் படகுத்துறை ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிதவை என்பது படகு வந்து ஒட்டி நிற்கிற இரும்புத் தளம். ஆறு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதைக் கூடுதல் கயிறுகள் போட்டுக் கரையோடு இறுக்கிக் கட்டுவார்கள். ஆனால் அந்த வருட வெள்ளம் வந்த வேகத்தைப் பார்த்ததுமே மேல்துறை ஆளும் கீழ்த்துறை ஆளும் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவிட்டார்கள். முடிச்சு ஓடவில்லை. கைவசம் இருந்த கயிறு அத்தனையையும் போட்டுக் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே மிதவை கவிழ்ந்தது. உடல் கிடைக்கவே சில நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவன் அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். மருந்துக் கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டு வாசலில் என்று யார் கிடைத்தாலும் சொல்வாள்.

"எல்லாரும் ஓடிட்டானுங்க. எம் பிள்ளை ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் துறையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்."

அந்தப் பேச்சில்தான் அவள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. மருமகள் பக்கத்திலேயே நின்று தலையாட்டுவாள். அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

படகுத்துறைகளைப் புதிதாக வடிவமைக்கும் வேலை அவளுடைய அலுவலகத்துக்கே வந்தது. பெரிய இன்ஜினியர் நல்ல மனிதர். "நீங்க லீவு எடுத்துக்குங்கம்மா, வேற ஆளைப் போட்டுக்கலாம்" என்றார். அவள் கேட்கவில்லை. சேதப் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மேல்துறை மிதவையும் கீழ்த்துறை மிதவையும் கரைப்பக்கம் பிய்த்துக்கொண்டு, ஆற்றுக்குள் இருந்த ஒற்றைத் தூணைப் பிடித்தபடி, ஓட்டத்தோடு திரும்பி நீளவாக்கில் கிடந்தன. அங்கங்கே நசுங்கியிருந்ததே தவிரப் பெரிய சேதமில்லை. நடுத்துறையில் மட்டும் தூண்கூட மிஞ்சவில்லை.

"இது மட்டும் ஏன் சார் இப்படி?" என்றாள்.

அவர் பென்சிலை மேசையில் நீளவாக்கில் வைத்தார். பிறகு குறுக்காகத் திருப்பி வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. இறுக்கிக் கட்டிய மிதவை, திரும்ப வழியில்லாமல் ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றிருக்கிறது. அடித்துவந்த மரமும் குப்பையும் அதன்மேல் மலையாகச் சேர்ந்து எல்லாவற்றையும் சாய்த்துவிட்டன. கட்டாமல் விட்டிருந்தால் துறை பிழைத்திருக்கும். அவனும் வீட்டுக்கு வந்திருப்பான்.

கழிவறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதாள். செத்துப்போனவன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஓடிப்போனவன் பெண்டாட்டியெல்லாம் புருஷன் சட்டையைத் துவைத்து மடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு மட்டும் ஏன் ஒரு ரோஷக்காரன் வந்து வாய்த்தான் என்று வயிறு எரிந்தது.

புதிய வடிவம் அந்தப் படங்களிலிருந்துதான் உருவாயிற்று. வெள்ளம் ஏறினால், கரையிலிருந்து மிதவைக்குப் போகிற நடைபாலத்தின் கரைப்பக்க முனை தானாகக் கழன்றுகொள்ளும். பாலமும் மிதவையும் ஒரே ஒரு பெரிய தூணைச் சுற்றித் திரும்பி, ஓட்டத்தோடு படுத்துக்கொள்ளும். ஆள் யாரும் போய் நிற்க வேண்டியதில்லை. அத்தனை கோட்டையும் அவளே போட்டாள். படகைக் கட்ட மிதவையில் இடம் வைத்தாள். மிதவையைக் கரையோடு கட்ட ஒரு வளையம்கூட வைக்கவில்லை.

"அவன் நின்னு கட்டின இடத்துல என்ன வெச்சிருக்க?" என்று ஒருநாள் சாப்பிடும்போது மாமியார் கேட்டாள்.

"இது வேற மாதிரி அத்தை. பார்த்தா உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்துபோனாள்.

மறுநாள் இன்ஜினியரிடம் கெஞ்சினாள். "திறப்பு விழாவுல காரணத்தை மட்டும் சொல்லாதீங்க சார். எங்க அத்தை முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒண்ணுதான்."

"சொல்லலைம்மா. இனிமே மிதவையைக் கட்டக் கூடாதுன்னு ஆளுங்களுக்கு ஆர்டர் மட்டும் போட்டுடறேன்."

காரணம் சொல்லாத உத்தரவை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

நடுத்துறைத் திறப்பு விழாவுக்குப் புது மிதவையின்மேலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்ததும் மேல்துறை ஆள் எழுந்தான். வெள்ளத்துக்குப் பிறகு அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கையில் பட்டறையில் செய்து பெயின்ட் அடித்த கனமான இரும்பு வளையம். பின்னாலேயே கீழ்த்துறை ஆளும் மற்றவர்களும் ஆளுக்கொரு வளையத்தோடு நின்றார்கள்.

"சார், கட்டக் கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்கீங்க. மன்னிச்சுக்குங்க. இதையெல்லாம் நாங்க இந்த மிதவையில பத்தவைக்கப்போறோம். அன்னைக்கு ஓடிட்டோம். இன்னொரு தடவை ஓட மாட்டோம். அண்ணன் எப்படிக் கட்டிக்கிட்டு நின்னாரோ, அப்படியே நிப்போம்."

கைதட்டல் அடங்கவே இல்லை. மாமியார் எழுந்துபோய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருடா. இனிமே நீயும் எம் பிள்ளைதான்" என்றாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

இன்ஜினியர் மருமகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமியாருக்குக் கடைசி வரைக்கும் நின்ற அந்த மகன் மிஞ்சுவான். அடுத்த வெள்ளத்தில் வளையத்துக்கு ஒருவனாக இவர்கள் வந்து நிற்பார்கள். அவள் எழுந்தாள்.

"கட்டாதீங்க."

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

"கட்டாதீங்க. கட்டினதாலதான் அது கவிழ்ந்துச்சு. நீங்க கட்டாம ஓடினீங்க, உங்க மிதவை தப்பிச்சுது. அவர் கட்டினாரு. கட்டினதாலதான் செத்தாரு. நீங்களும் சாகாதீங்க."

மேல்துறை ஆள் வளையத்தை மெதுவாக ஒரு நாற்காலிமேல் வைத்தான். மாமியார் திரும்பினாள்.

"என்னடி சொல்ற? அப்போ அவன் நின்னது?"

இதமாகச் சொல்ல ஒரு வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை.

"வீண் அத்தை."

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து மாமியார் முன்னால் குனிந்து நின்றார். "அப்படியெல்லாம் இல்லம்மா. உங்க பையனாலதான் எங்களுக்கே இது தெரிய வந்துச்சு. அவர் போனதுலதான் நாங்க கத்துக்கிட்டோம். இனிமே ஒருத்தரும் சாக மாட்டாங்க." மனசாரத்தான் சொன்னார்.

மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கத்துக்க எம் பிள்ளைதானாய்யா கெடைச்சான்?"

மருமகள் பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தாள். மாமியார் கையை இழுத்துக்கொண்டாள். நாற்காலிகளைத் தாண்டி, நடைபாலத்தில் ஏறி, தனியாகக் கரைக்கு நடந்தாள்.