ஒரே தபாவா, ரெண்டு தபாவா?

மூன்று வாரம் முன்பு ஒரு காலை. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் அதிசயமாக ஜன்னல் சீட்டும் கிடைத்து உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. என் தம்பி வினோத். சென்னையில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவன்.

"அக்கா... வுட்டுட்டேன்க்கா!"

"நெஜமாவாடா?"

"சத்தியமா! ரெண்டு தபா!"

"முருகா! விட்டுட்டானே... விட்டுட்டானே!" என்று கத்தியே விட்டேன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, தம்பி குடிய வுட்டுட்டாரா?"

"இல்லம்மா... குசு விட்டுட்டான்."

பெட்டியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு! வண்டலூர் வரை அடங்கவில்லை. பூக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு முழம் மல்லி கிள்ளிக் கொடுத்தார். "வெச்சுக்க. கார்த்தாலயே நல்ல சேதி சொல்லிகீற."

சிரியுங்கள். ஆனால் ஒருவன் காற்றுப் பிரித்ததற்கு அக்காக்காரி ரயிலில் அழுகிறாள் என்றால், அதற்கு முன்னால் நாலு வருடத்துக் கதை இருக்கத்தானே வேண்டும்?

வினோத்துக்கு முப்பத்தொரு வயது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். நாலு வருடமாகப் பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை ஓட்டம். ரத்தம் வேறு. ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த பெட்ரோல் பங்க்கில் டாய்லெட் திறந்திருக்கும், எதில் சாவி கேட்க வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் மட்டும் பூரி மாதிரி உப்பி, உடம்பு கரைந்துவிட்டது.

இந்த நிலைமையில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சரண்யா. திருக்கழுக்குன்றத்தில் சொந்தமாக ஒரு தையல் கடை வைத்து, கல்யாணப் பெண்களுக்கு ஆரி வேலை பிளவுஸ் தைப்பவள். வயிற்றுக் கோளாறு என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தோம். எவ்வளவு பெரிய கோளாறு என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "இனிமே மருந்து வேலை செய்யாது. பெருங்குடலை எடுத்துடணும்."

எடுத்துவிட்டால் அப்புறம்? சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து, இங்கிலீஷ் ஜே எழுத்து மாதிரி உள்ளேயே ஒரு பவுச் தைத்து, ஆசனவாயில் இணைத்துவிடுவார்களாம். ஜே-பவுச். வழக்கமான வழியிலேயே போகலாம்.

"அதுல ரெண்டு விதம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எல்லாத்தையும் ஒரே ஆபரேஷன்ல முடிக்கலாம். இல்லன்னா, இப்போ பவுச்சைத் தைச்சு வெச்சுட்டு, அது ஆறுறவரைக்கும் மேல இருக்கிற குடலை வயித்துப் பக்கம் வெளியில திறந்து ஒரு பை ஒட்டுவோம். மலம் அதுல இறங்கும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு சின்ன ஆபரேஷன் பண்ணி அதை மூடிடலாம்."

வினோத் யோசிக்கவே இல்லை. "ஒரே தபால முடிச்சுடுங்க மேடம். எனக்கு கல்யாணம் கீது."

"நீங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்குறீங்க. ரத்தம் கம்மி, எடை கம்மி. தையல் ஆறாம உள்ளயே கசிஞ்சா உயிருக்கே ஆபத்தாயிடும். உங்க உடம்புக்கு ரெண்டு ஸ்டேஜ்தான் என் யோசனை."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரே ஆபரேஷன்ல முடிச்சுட்டு இப்போ ஷட்டில் ஆடுறாரே மேடம்?" — கேட்டது நான்தான்.

"ஆடட்டுமே, ரொம்ப சந்தோஷம். அவர் ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டிருந்தாரா?"

தெரியாது. கேட்டதில்லை. நாலு நாள் டயம் கொடுத்து அனுப்பினார்.

அந்த நாலு நாளில் நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தம்பியை உட்கார வைத்து, "ஒரே ஆபரேஷனே கேளுடா. கடவுள் பாத்துப்பார். வயித்துல பையோட மாப்பிள்ளைன்னா பொண்ணு வீட்டுல என்ன சொல்வாங்க?" என்று ஓதினேன். படித்தவள். வாராவாரம் உங்களுக்கெல்லாம் இதே பக்கத்தில் புத்தி சொல்கிறவள். தம்பியின் உயிரைவிடப் பெண் வீட்டாரின் வாய் எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

மூன்றாம் நாள் வினோத் என்னிடம் வந்து நின்றான். "அக்கா, மறைக்க முடியாதுக்கா. அவகிட்ட சொல்லிடலாம். நீ கூட வா."

திருக்கழுக்குன்றம் போனோம். கடைக்குள் நுழைந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "சரண்யா, பாத்ரூம் எங்க?" பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். குடல், ரத்தம், பவுச், பை, ஒரே தபா, ரெண்டு தபா... கடைசியில், "வேணாம்னா இப்பவே சொல்லிடு. தப்பா நெனைக்க மாட்டேன்" என்றான்.

சரண்யா மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"அந்தப் பை மூணு மாசந்தானே?"

"ஆமா."

"ஒரே தபால பண்ணி உள்ள பிரிஞ்சுகினா?"

அவன் மறுபடி தரையைப் பார்த்தான்.

"இன்னா யோசிக்கிற? ஈரத் துணியில தையல் போட்டு ஒடனே இஸ்த்துப் பாப்பாங்களா? தையல் ஆறட்டும். நீ முழுசா வந்தா போதும். பையோட தாலி கட்டக்கூடாதுன்னு எங்கனா எழுதிகீதா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணி, நான் சொல்றது சரிதானே?"

நான் தலையாட்டினேன்.

அப்புறம் அவள் சாதாரணமாக டேப்பை எடுத்து, "எழுந்து நில்லு, இடுப்பு அளவு எடுக்கணும்" என்றாள். பையை இறுக்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு பெல்ட் தைக்கப் போகிறாளாம். கல்யாணப் பட்டு பிளவுஸில் மிச்சமான துணியிலேயே. மாம்பழக் கலர், அரக்கு பார்டர். வினோத் அழுதுகொண்டே அளவு கொடுத்தான்.

முதல் ஆபரேஷன் ஏழு மணி நேரம். பிழைத்து வந்தான். வயிற்றில் சிவப்பாக, ரோஜா மொட்டு மாதிரி குடலின் வாய். அதன்மேல் பை. முதல் வாரம் அதைப் பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் வாரம் அவனே மாற்றப் பழகிவிட்டான். இருபது தடவை ஓட்டம் நின்றுபோனதில் முகத்தில் ஒரு களை.

ஏழாவது வாரம் கல்யாணம். டாக்டரம்மா சரி சொல்லியிருந்தார், கனமாக எதையும் தூக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. "பொண்ணைத் தூக்கி போட்டோ எடுக்கறதெல்லாம் வேணாம்."

சிங்கப்பெருமாள் கோயிலில் மண்டபம் நிறைந்து வழிந்தது. பட்டு வேட்டிக்குள் பட்டு பெல்ட். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. குடலின் வாய்க்குப் பூட்டு கிடையாது. எப்போது சத்தம் போடும் என்று அதற்கே தெரியாது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தி, தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பிவிட்டு மூச்சு வாங்கினார். மேளம் ஓய்ந்திருந்தது. மைக் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்திருந்தது.

"பர்ர்ர்ர்ர்..."

மண்டபம் முழுக்க, நாலு ஸ்பீக்கரிலும்!

வினோத் முகம் குங்குமமாகிவிட்டது. ஐயர் மைக்கைப் பார்த்தார். தலை குனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண், குனிந்த தலை நிமிராமல் குரல் கொடுத்தாள்:

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

தவில்காரர் பதறிப்போய் அடித்தார் பாருங்கள், காது கிழிய! நாகஸ்வரம் பின்னாலேயே பாய்ந்தது. தட்டு பாதிச் சபையைத் தாண்டியிருக்கவில்லை. யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்கள். வந்த வேகத்தில் தாலி கட்டியாகிவிட்டது. அட்சதைக்கு நடுவில் இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் சரண்யாவின் மாமா என்னிடம் வருத்தப்பட்டார். "மைக் செட்டுக்காரன் சரியில்லம்மா."

மூன்றாம் மாதம், பையை மூடுவதற்கு முன்னால் பவுச்சுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். தையலில் ஓரிடத்தில் மெல்லிசாக ஒரு கசிவு.

"பயப்படாதீங்க. பை இருக்கறதால அந்தப் பக்கம் எதுவும் போகல. அதுவா மூடிக்கும். இன்னும் ஒரு மாசம் பொறுங்க. அப்புறம் ரிவ்யூ."

வினோத் முகம் விழுந்துவிட்டது. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பை இல்லாமல் இருந்திருந்தால்? நான் ஓதியதைக் கேட்டு அவன் ஒரே தபாவில் முடித்திருந்தால்? சரண்யா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.

ஒரு மாதத்தில் கசிவு மூடியது. பையை எடுத்தார்கள். குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்குக் காற்றுப் பிரிவதுதான் சாட்சி என்றார்கள். இரண்டு நாள் எல்லோரும் அதற்காகத் தவம் கிடந்தோம். மிச்சத்தைத்தான் ரயிலிலேயே உங்களுக்குச் சொல்லிவிட்டேனே!

இப்போதும் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகிறான். குறையும் என்கிறார்கள். ஆனால் ஓடுவதில்லை, நடந்து போகிறான். அவசரமில்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அவனைக் கேளுங்கள்.

போன ஞாயிறு மூவரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். அலையில் கால் நனைத்தபடி, டாக்டரம்மா இனி குழந்தை பற்றி யோசிக்கலாம் என்று சொன்னதைச் சரண்யா வெட்கத்தோடு சொன்னாள். வினோத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, ட்வின்ஸா பொறந்துட்டா இன்னா? ஒரே தபால வேலை முடிஞ்சுடும்ல?"

சரண்யா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கை தண்ணீரை அவன் முகத்தில் அடித்தாள்.

"மொதல்ல ஒண்ணு. அப்பால ரிவ்யூ!"