அம்மா குறைக்க வேண்டிய ஆறு கிலோ

என் அம்மா பவுன், சாகணில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினோரு வருடமாகச் சமைக்கிறாள். தினமும் முப்பது கிலோ அரிசி வடிப்பாள். மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராமல் அவளே சாப்பிட்டுவிடுவாள். உடம்பு அப்படித்தான் போட்டது.

ஜனவரியில் அவள் தம்பி கோவிந்தராஜ் மாமாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். என்னுடையதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. ரத்த வகையும் பொருந்தியது. ஆனால் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், அம்மாவின் ஈரலிலும் கொழுப்பு இருக்கிறது, இப்படியே எடுக்க முடியாது என்றார். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைய வேண்டும். மருந்து கிடையாது. மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். எதையெல்லாம் குறைப்பது என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். முதல் பட்டதாரியும் நான்தான். அன்று ஹிஞ்சேவாடியில் ஒரு நேர்காணலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஷூ நாடாவைக் கட்டியபடியே படித்துச் சொன்னேன்.

"அரிசி, கோதுமை, உருளைக்கெழங்கு, சர்க்கரை. இதெல்லாம் கம்மி பண்ணணும்மா. அவ்ளோதான்."

வேலை கிடைக்கவில்லை.

அம்மா ஒரு கரண்டிச் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள். வீடு இருக்கும் தேஹு ரோடுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தாள். கேன்டீனில் கூட வேலை செய்யும் மராத்திக்காரி வைஷாலியோடு சேர்ந்து திங்கள், வியாழன், சனி உபவாசமும் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறப்பாள்.

ஆகுர்டியிலிருந்து மாமா போனில் கிண்டல் செய்வார்.

"பவுனு வெலையும் எறங்கல, பவுனு எடையும் எறங்கல. என்னக்கா பண்றது?"

"சிரிக்காதடா, வயிறு வலிக்கப் போவுது."

அவர் வயிற்றிலிருந்து அப்போது வாரம் ஒருமுறை நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் எடை பார்த்தோம். முக்கால் கிலோதான் குறைந்திருந்தது.

"கேன்டீன்ல திருட்டுத்தனமா திங்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அன்று மட்டும் கேன்டீனுக்கு விடுமுறை. சமையலறையில் நெய் வாசனை. வாணலி நிறைய ஜவ்வரிசியைக் கிளறி, மேலே வேர்க்கடலைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"சாபுதானா கிச்சடி. உபவாசத்துக்கு இங்க எல்லாரும் இதத்தான சாப்புடுறாங்க? கேன்டீன்ல வைஷாலிதான் சொல்லிக்குடுத்தா."

"எவ்ளோ சாப்புடுவ?"

"ரெண்டு தட்டு. அன்னிக்கு வேற ஒண்ணும் திங்கறதில்லையே."

"இது முழுக்க மாவும்மா. இதுக்குச் சோறே தேவல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ இதச் சொல்லலியே. உருளைக்கெழங்கு சொன்ன. அதப் போடாமதான் செய்யறேன்."

தாளைத் தேடி எடுத்தேன். ஜவ்வரிசி ஒன்பதாவது வரியில் இருந்தது. நான் நாலாவதோடு நிறுத்தியிருந்தேன். மூன்று வருடம் பி.காம். படித்தவளுக்கு ஒரு தாளைக் கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லை. திருட்டுத்தனமா என்று அவளைக் கேட்டதற்கு என்ன சொல்வது?

மிச்ச மூன்று வாரம் முட்டை, கீரை, சுண்டல், அரைக் கரண்டிச் சோறு. பெரிய அண்டாவைத் தூக்க வைஷாலியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றாள். ஆனால் வாயைக் கட்டினாள். மொத்தம் மூன்றரைக் கிலோ இறங்கியது. ஸ்கேனிலும் கொழுப்பு குறைந்திருந்தது, போதவில்லை. இன்னும் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். மாமா அந்த ஒரு மாதம் தாங்குவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. டாக்டரும் அதைப் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மா தம்பிக்குப் போன் செய்தாள்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கடா. நாந்தான் வாயக் கட்டாம விட்டுட்டேன்."

மாமா ஏதோ சொல்லிச் சிரிப்பது எனக்கும் கேட்டது. அந்தத் தாளைப் பற்றிச் சொல்லப் போனுக்காகக் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை, பேசி முடித்து முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கிடணும். மறந்துடாத," என்றாள்.