மூட்டை தூக்குகிறவர்

பிரிக்பீல்ட்ஸ் பூசைச் சாமான் கடையில் தூசி படிந்த மயிலிறகுக் காவடிகளைப் படமெடுக்கிறேன். நாளை காத்மாண்டுக்கு விமானம். பிறகு ஏழாயிரம் மீட்டர் சிகரம். பூச்சரம் கட்டும் கடைக்கார அக்காவிடம் அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

"மலை ஏற எத்தன நாள் விரதம் அண்ணே?"

"விரதமெல்லாம் இல்லக்கா. பயிற்சிதான்."

"சாமானெல்லாம் நீங்களே தூக்கணுமா?"

"அதுக்கு அங்க ஷெர்பா ஆளுங்க இருக்காங்க."

அவர் கத்தரிக்கோலால் நூலை வெட்டுகிறார். "இங்க வேண்டிக்கிட்டவங்கதான் காவடி தூக்கணும் லா. ஆள் வச்சு தூக்குனா அது யாரு காவடி?"

நான் படமெடுப்பதை நிறுத்துகிறேன். போன தடவை என் மூட்டையைத் தூக்கி வந்தவர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். செய்தி வந்ததும் நான் முதலில் கேட்டது, மூட்டை கிடைத்ததா என்றுதான்.