மாலை சம்மதம் அல்ல

அக்காவின் படத்தை வேலை நேரத்தில்தான் பார்த்தேன். ஈப்போவில் வீட்டிலிருந்தபடி ஒரு தமிழ் நாளிதழுக்கு வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துத் தருகிறேன். அன்று வந்தது வணிகச் செய்தி. நேச நாடுகளான சில ஜனநாயகங்கள் முக்கியக் கனிமங்களைத் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. ஒரே நாட்டின் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலை இனி வேண்டாம் என்றன. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் ஏவுகணைக்கும் காந்தம் வேண்டும். காந்தத்துக்கு அரிய மண் தனிமங்கள் வேண்டும். அவை எங்கள் பேராக் மாநிலத்துக் குன்றுகளில் இருக்கின்றன. ஒரு சொல்லைச் சரிபார்க்க, அவற்றை எடுத்து அந்த நாடுகளுக்கு விற்க முன்வந்திருக்கும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். 'மக்களின் சம்மதம்' என்ற தலைப்பின் கீழ் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

ஊதாச் சேலை. கையில் செவ்வந்தி மாலை. எதிரே கோட்டு போட்ட உயரமான வெள்ளைக்காரர். அக்கா எட்டி மாலையைப் போடப் பார்க்கிறாள், அவர் பாதி குனிந்திருக்கிறார். அக்காவின் வாய் திறந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு அவள் மகிழ்ச்சியில் ஏதோ கூவுவது போலத் தெரியும். 'குனிங்க சார், இன்னும் கொஞ்சம் குனிங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். படத்தின் ஓரத்தில் என் சட்டைக்கை தெரிகிறது.

படத்தின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: திட்டத்துக்கு உள்ளூர்ச் சமூகம் தன் ஆதரவைத் தெரிவிக்கிறது.

அந்தத் திட்டம் பக்கத்து ஊரான செமோருக்கு அப்பால், நாங்கள் பிறந்த தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றைப் பற்றியது. எங்கள் பேச்சில் அது புக்கிட். தோட்டம் என்று இன்னமும் சொல்கிறோமே தவிர, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, அதுவும் கைமாறிவிட்டது. மிச்சம் இருப்பது சில வரிசை வீடுகள், மாரியம்மன் கோயில், ஒரு மண்டபம், குன்றிலிருந்து இறங்கும் ஓடை. குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோவதால் பாதி வீடுகள் ஓடையிலிருந்துதான் குழாய் போட்டிருக்கின்றன. குன்றைத் தோண்ட மாட்டோம் என்கிறது நிறுவனம். மேலே துளையிட்டு உப்புக் கரைசலை ஊற்றுவார்கள். அது களிமண்ணில் ஒட்டியிருக்கும் தனிமத்தைக் கழுவிக்கொண்டு அடிவாரத்துக்கு வரும். அங்கே பிடித்துக்கொள்வார்கள். ஓடைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். ஆகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அக்கா மாலை போட்ட அன்று, நிறுவனம் மண்டபத்தில் கூட்டிய கூட்டத்தில் இருந்த யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று அவர்கள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. திரையில் படம் காட்டினார்கள், நன்றி சொன்னார்கள், பிரியாணி கொடுத்தார்கள், போனார்கள். வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அந்த மண்டபத்தில் எழவே இல்லை. கேட்காத கேள்விக்குத்தான் அக்காவின் மாலை பதிலாகியிருந்தது.

படத்தைப் பார்த்த அன்று சாயங்காலமே செமோருக்குப் போனேன். அக்கா காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டிச் சாலையோரத்தில் விற்கிறவள். மறுநாளைக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கைப்பேசியை நீட்டினேன்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றாள். "என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். நெத்திலியைத் தட்டில் போட்டுவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

"நான் எப்ப ஆதரவு குடுத்தேன்?"

"மாலை போட்டியே."

"டேய், வாரவங்களுக்கு மாலை போடுறது என் வேலைலா. கோயில் மகளிர் பிரிவுக்குத் தலைவியாக்கி விட்டாங்க, போட்டுக்கிட்டே இருக்கேன். அதுக்கும் புக்கிட்டுக்கும் என்னடா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. படத்துக்குச் சத்தம் கிடையாது. படம் எடுக்கப்பட்ட இடத்தில் இல்லாத ஒருவர்தான் பெரும்பாலும் அதன் கீழ் வரியை எழுதுவார். அவர் எதை எழுதுகிறாரோ அதைத்தான் ஊர் பார்க்கும். நாளிதழ்ப் படங்களுக்கு இப்படி வரி எழுதியே நானும் பல காலம் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த வாரமே படம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. ஆங்கில வரிக்கு யாரோ தமிழும் மலாயும் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அக்காவின் மேசைக்கு முன்னால் பைக்கை நிறுத்திய ஒருவர், வாங்காமலே கேட்டார்: "என்னக்கா, இன்னமும் நாசி லெமாக் விக்கிறீங்க? நாடிர் பூமி காசு இன்னும் வரலையா?" மலாய்ச் செய்திகளில் அரிய மண்ணுக்கு அதுதான் பெயர்.

"வந்துச்சுன்னா ஒனக்கு ஒரு முட்ட சேத்து வைக்கிறேன், போ" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த நாள் அவர் வரவில்லை. ஓடைத் தண்ணீர் எடுக்கும் வீட்டு வரிசையிலிருந்து இன்னும் சிலரும் வரவில்லை. மீந்த பொட்டலங்களை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்தவர்கள், அவள் யாரையும் கேட்காமல் கொள்ளாமல் எல்லாருக்குமாகச் சம்மதம் சொல்லிவிட்டதாக நம்பினார்கள்.

நேச நாடுகள் சொல்லும் காரணத்தை நான் கேலி செய்யவில்லை. இதை எழுதும் கணினியிலும் அந்தக் காந்தம் இருக்கிறது. ஒரே கடைக்காரரிடம் எல்லாவற்றையும் வாங்கினால் அவர் கதவைச் சாத்தும் நாளில் பட்டினிதான் என்பதும் புரிகிறது. ஆனால் பேராக்கில் பிறந்தவனுக்கு இந்த அவசரம் புதிதல்ல. உலகத்துக்கு ஈயம் அவசரமாக வேண்டியிருந்தபோது கிந்தா பள்ளத்தாக்கைத் தோண்டினார்கள். தோண்டிய குழிகள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன. ரப்பர் வேண்டியிருந்தபோது எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அப்போதெல்லாம் யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இப்போது கேட்டோம் என்கிறார்கள். 'எங்கள் கனிமம் மற்றவர்களுடையதைவிடச் சுத்தமானது, ஏனென்றால் மக்கள் சம்மதித்தது' என்று விலை சொல்கிறார்கள். சம்மதமும் சரக்கில் ஒரு பாகம் என்றால், அதை விற்பனைக்கு வைக்கும் முன் எங்களிடம் வாங்கியிருக்க வேண்டும்.

பிறகு ஒரு செய்தி வந்தது. வாங்கும் நாட்டிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். மக்கள் உண்மையிலேயே சம்மதித்தார்களா என்று நேரில் பார்த்து உறுதிசெய்வது அவர் வேலை. கோயில் தலைவர் அக்காவின் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கோயில் கூரை ஒழுகுகிறது, நிறுவனம் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவருடைய மருமகனுக்கு வேலையும் இல்லை.

"ஒரு நல்ல மாலையா கட்டிரும்மா. அந்தம்மா ரொம்ப தூரத்துலேருந்து வாராங்க."

"அண்ணே, போன தடவ போட்ட மாலையே இன்னும் என் கழுத்துல கெடக்கு."

"அது படம் போட்டவன் பண்ண வேல. வாரவங்களுக்கு மரியாத குடுக்காம அனுப்ப முடியுமா? நம்ம தோட்டத்துல அப்படி நடந்திருக்கா?"

"இல்ல. கட்டுறேன்."

அவர் போனதும் கேட்டேன்: "மறுபடியும் படம் எடுப்பாங்க. இந்தத் தடவ அதுதான் முத்திரை. தெரியுதா?"

"தெரியுது. அதுக்காக, அவங்க திருடுறாங்கன்னு என் வழக்கத்த நான் விடணுமா?" என்றாள். "பூ வாங்கப் போவணும். கார எடு."

சிம்பாங் பூலாயில், கேமரன் மலையிலிருந்து பூ இறக்கும் கடையில் மஞ்சள் செவ்வந்தி வாங்கினோம். திரும்பும் வழியெல்லாம் அவள் கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். சாலையைப் பார்த்து ஓட்டு என்றாள்.

அந்தப் பெண்மணி வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. போன முறை வராதவர்களும் வந்திருந்தார்கள். பெரும்பாலும் அக்காவைப் பார்க்கத்தான். நிறுவனத்தின் சார்பில் ஓர் இளைஞர், இதே பேராக்கின் சிலிம் ரிவர் ஊர்க்காரர், நம் ஆள், தமிழிலேயே வரவேற்றார். அவருடன் வந்த படக்காரர் மேசைமேல் இருந்த மாலைத்தட்டுக்கு எதிரே இடம் பிடித்து நின்றார்.

"மொதல்ல மாலை போட்டுருவோம் ஆண்ட்டி" என்றார் இளைஞர்.

"மொதல்ல பேசுவோம் தம்பி" என்றாள் அக்கா. என்னைக் கையைக் காட்டி அழைத்தாள். "நான் சொல்றத இவன் இங்கிலீஷ்ல சொல்லுவான். பேப்பர்ல இருக்கான், கூட்ட மாட்டான் கொறைக்க மாட்டான்."

பெண்மணி தன் பையிலிருந்து அந்தப் படத்தையே எடுத்தார். இது நீங்கள்தானா என்று கேட்டார்.

"நான்தான்."

அன்று திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தீர்களா?

"இல்ல. குனியச் சொன்னேன்."

மண்டபத்தில் பின்வரிசை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. இளைஞர் பக்கம் திரும்பினாள். "வெள்ளக்காரருக்குத் தெரியாது, சரி. நீ சிலிம் ரிவர்ல பொறந்தவன். மாலைன்னா என்னன்னு ஒனக்கும் தெரியாதா?"

"ஆண்ட்டி, நான் படம் மட்டும்தான் அனுப்புனேன். எழுத்து அங்க போட்டது."

"எழுத்தப் பாத்தியா இல்லையா?"

நான் இந்தப் பகுதியையும் விடாமல் மொழிபெயர்த்தேன், பதில் வராததையும் சேர்த்து.

அக்கா கைப்பேசியைத் திறந்து பெண்மணியின் அருகில் போய் உட்கார்ந்தாள். "இதப் பாருங்க. இது கொசு மருந்து அடிக்க வந்த ஆபீசரு. மாலை போட்டேன். இது தீயணைப்பு வண்டிக்காரரு. இது ஸ்கூல் பஸ் டிரைவரு, வேலய விட்டு நின்னப்ப. இவங்களுக்கெல்லாம் நான் எதக் குடுத்தேன்?" விரலால் தள்ளினாள். "இது போன எலெக்ஷன். இவரு ஒரு கட்சி. மாலை போட்டேன். இந்தப் படம் அதே வாரம். இவரு அவரை எதுத்து நின்னவரு. இவருக்கும் போட்டேன். அதே பூக்கடை, அதே மாலை. ரெண்டு பேருக்குமா ஓட்டுப் போட்டேன்?"

நான் சொல்லி முடிப்பதற்குள் பெண்மணி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார்.

"அது ரகசியம்லா. உங்க ஊர்ல சொல்லுவீங்களா?"

இதை மொழிபெயர்த்தபோது அவர் சிரிப்பதை நிறுத்தினார். இல்லை, சொல்ல மாட்டோம் என்றார். பிறகு தன் குறிப்பில் எதையோ நீளமாக எழுதினார்.

"அப்படின்னா எங்களையும் அப்படிக் கேளுங்க" என்றாள் அக்கா. "இங்க வேணும்ங்கிறவங்களும் இருக்காங்க. தலைவர் இருக்காரு, அவரு மருமகன் இருக்காரு. நான் வேணாம்ங்கிறேன். தண்ணி எனக்கு வேணும். யாரு எத்தன பேருன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. பெட்டி வைங்க. சீட்டு குடுங்க. எண்ணிப் பாப்போம். வேணும்னு வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இளைஞர் தாழ்ந்த குரலில், நடைமுறையில் கலந்துரையாடல்தான் இருக்கிறது, வாக்கெடுப்பு இல்லை என்றார்.

"இல்லன்னா சேத்துக்கங்க."

கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்களில், பைக்கை நிறுத்திக் கேட்டவரும் இருந்தார். தலைவர் கைதட்டவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

தேநீர் முடிந்து அவர்கள் புறப்படும்போது மாலை தட்டிலேயே இருந்தது. தலைவர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது: வந்தவரை வெறும் கழுத்தோடு அனுப்புவதா? அக்கா எழுந்து மாலையைக் கையில் எடுத்தாள். படக்காரர் உடனே கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

அக்கா நின்றுவிட்டாள்.

"மொதல்ல அதக் கீழ வைங்க."

படக்காரர் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் பெண்மணியைப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே பெண்மணிக்குப் புரிந்திருந்தது. கையசைத்தார். கேமரா மேசைமேல் இறங்கியது. மண்டபத்தில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பேசிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. என் கையும் பையில் இருந்த கைப்பேசியைத் தேடிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்துவிட்டேன், வெறும் கையாக.

அதன்பிறகுதான் அக்கா மாலையைப் போட்டாள். இந்தப் பெண்மணி குள்ளம், குனியச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தூரத்துலேருந்து வந்தீங்க, அதுக்கு" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

குன்று பற்றி இன்னும் முடிவாகவில்லை. சில வாரங்கள் கழித்து இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அக்கா இல்லை. அவள் இடத்தில் எங்கள் குன்று இருந்தது, மேலிருந்து எடுத்த அழகான படம். ஆனால் கீழே இருந்த வரி மாறவில்லை: சமூகம் தன் ஆதரவைத் தெரிவிக்கிறது. அந்தப் பெண்மணி எழுதியது எங்கே போயிற்று என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன்.

பக்கத்தை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். வரியையும் தமிழில் போட்டேன். சற்று நேரத்தில் குரல் செய்தி வந்தது. பின்னணியில் யாரோ தகரத்தை வெட்டும் சத்தம்.

"என் படத்த எடுத்துட்டு புக்கிட்டப் போட்டுட்டானா? அது வாயத் தொறக்காதுன்னு தைரியம். சரி, விடு. இங்க ஒரு பெரிய பிஸ்கட் டின்னு வெட்டிக்கிட்டிருக்கோம், மேல சீட்டுப் போடுற அளவுக்கு. பூட்டு தலைவரே வாங்கிட்டு வந்தாரு. அவரு என்னய எதுத்து, வேணும்னுதான் போடுவாராம், போடட்டும். ஞாயித்துக்கெழம எண்ணுறோம். எண்ணும்போது நீ வந்து படம் எடு. கீழ என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."