மாஸ்டரின் ஓட்டில் ஜெயித்தவள்

வீதியில் ஆட்டோ மைக் சத்தம் கேட்டது. தேர்தல் வரப்போகிறதல்லவா, எந்தக் கட்சிக்காரனோ இப்போதே கிளம்பிவிட்டான் என்று எரிச்சலோடு ஓவர்லாக் தையல் மிஷினை நிறுத்தினேன். "வீதி மக்கள் கட்சியின் தலைவர், கட்டிங் மாஸ்டர் வெள்ளியங்கிரி அவர்கள் இன்று காலை..." என்றது மைக். மிச்சம் என் காதில் ஏறவில்லை. முந்தின வாரம்தான் பேக்கரியில் என் தேங்காய் பன்னில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, "சக்கரை இருக்குதுங்க, ஊட்டுல சொல்லிப்போடாதீங்க" என்று கும்பிட்ட மனிதர். இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

அவர் கட்சி தொடங்கிய கதை எங்கள் வார்டில் தெரியாதவர் இல்லை. எங்கள் வார்டுக்குக் குடிதண்ணீர் கேட்டு ஒரு பெரிய கட்சியின் அலுவலகத்துக்குப் போனார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார்கள். இன்னொரு கட்சிக்குப் போனார். அங்கே சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். "சால்வையப் புழிஞ்சாத் தண்ணி வருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பேக்கரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கட்சி அந்த பெஞ்சில்தான் பிறந்தது. "பெரிய கட்சிக்காரங்க நாட்டப் பாத்துக்கட்டுமுங்க. வீதிய நாம பாத்துக்கலாம்" என்றார். கேலி செய்யாத ஆளில்லை. அவரும் சேர்ந்துகொள்வார். "எங்க மாநாட்டுக்கு ஒரே ஒரு ஆட்டோ போதுமுங்க, பெட்ரோல் மிச்சம்!"

முதல் தேர்தலில் அவருக்குக் கிடைத்த சின்னம் கத்தரிக்கோல். பனியன் துணி வெட்டியே வாழ்ந்த மனிதருக்குக் கத்தரிக்கோல் கிடைத்தால் கேட்க வேண்டுமா! தலைகால் புரியவில்லை. தோற்றார்தான். ஆனால் சுவரில் வரைந்ததை அழிக்கவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தனை வருஷமும் சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் அலையாய் அலைந்து, கத்தரிக்கோல் என்றால் மாஸ்டர், மாஸ்டர் என்றால் கத்தரிக்கோல் என்று வார்டு முழுக்கப் பதியவைத்துவிட்டார்.

சின்னக் கட்சிகளுக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. அடுத்த தேர்தலில் குலுக்கல் போட்டார்கள். கத்தரிக்கோல் எனக்கு வந்தது. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். தண்ணீர் லாரிக்காரனோடு போட்ட சண்டையில், வந்த கோபத்துக்குச் சுயேச்சையாக மனுப் போட்டிருந்தேன். மாஸ்டருக்கு வந்தது தண்ணீர்க் குழாய். "கொழாயா? காத்துதான வரும்!" என்று வார்டே சிரித்தது. அவர் வீடு வீடாகப் போய், குழாய் குழாய் என்று தொண்டை கிழியச் சொன்னார். சனங்கள் நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டுச்சாவடிக்குள் போனதும் பழக்கத்தில் கத்தரிக்கோலை அமுக்கிவிட்டு வந்தார்கள். நான் கவுன்சிலராகிவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் பொழுது சாயும்வரைகூட நிலைக்கவில்லை. நன்றி சொல்லப் போன வீடுகளில், "அட, மாஸ்டருக்குன்னுதான போட்டோம்!" என்று என் முகத்துக்கு நேரேயே அங்கலாய்த்தார்கள். மாஸ்டரின் மனைவி ராமாத்தாள் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, நானே கத்தரிக்கோலத்தான் அமுக்கிப்போட்டு வந்தேன்!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என்னை நம்பி ஒரே ஒரு ஆளாவது ஓட்டுப் போட்டாரா, இல்லையா? சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்தக் கேள்விதான் தைத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மாஸ்டர் என் வாசலில் நின்றார்.

"நியாயம் கேக்க வந்தியளா அண்ணாச்சி?" என்றேன் வெடுக்கென்று.

"இல்லீங்க அம்மிணி. நம்ம ஓட்டெல்லாம் உங்க ஊட்டுல இருக்குதுங்க. சௌக்கியமா இருக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று சிரித்தார். பிறகு உட்கார்ந்து, "தண்ணிக்கு மனு எப்பங்க குடுக்கறோம்?" என்றார். காபி போட உள்ளே போனேன்.

அலைந்து அலைந்து எங்கள் வீதிக்குக் குழாய் போட ஒப்புதல் வாங்கினோம். பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளை விட்டுவிட்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். "கெடச்ச வரைக்கும் போதுமுங்க. அவங்க என்ன ஓட்டா போடப்போறாங்க?" என்றார் மாஸ்டரின் கட்சிக்காரர் ஒருவரே. மாஸ்டர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "ஓட்டு இல்லீன்னாத் தாகமும் இல்லீங்களா?"

அதோடு விடவில்லை. மன்றக் கூட்டத்தில் நான் கத்திக்கொண்டிருப்பேன். வெளியே அவர் லைன் வீட்டுப் பெண்களோடு காலிக் குடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்களுக்குத் தமிழ் வராது, இவருக்கு இந்தி வராது. என்னதான் பேசினார்களோ, ஒரே சிரிப்பாணியாக இருக்கும். கடைசியில் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் வந்தது. திறந்த அன்று தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, "இப்பத்தானுங்க எஞ்சின்னத்துல தண்ணி வருது" என்றார்.

அன்று துணிந்து கேட்டுவிட்டேன். "உங்க ஓட்டுல நான் கவுன்சிலரா உக்காந்திருக்கேனே, வயிறு எரியலையா அண்ணாச்சி?"

"எரிஞ்சுதுங்க அம்மிணி. பொய் என்னத்துக்குச் சொல்றது? ஒரு வாரம் சோறு எறங்குல. பொறவு பாத்தா, நான் ஜெயிச்சா என்ன பண்ணுவனோ அதையேதான் நீங்க பண்ணீட்டிருந்தீங்க. அப்பறம் நான் எங்கீங்க தோத்தன்?"

சோறு இறங்காத அந்த வாரத்தின் முதல் காலையில்தான் அவர் என் வாசலுக்கு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்சியில் சேரச் சொல்லி அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சேர்ந்தேன்.

மாஸ்டரின் காரியம் முடிந்த மறுநாள் கட்சிக்காரர்கள் அவர் வீட்டில் கூடினோம். வரும் தேர்தலில் நான்தான் நிற்க வேண்டும் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. "போன தடவ கத்தரிக்கோல் ஜெயிச்சுது, அவ்வளவுதான். இப்ப அண்ணாச்சியும் இல்ல. எனக்குன்னு யாரு போடுவா?" என்றேன்.

சுவரில் சாய்ந்திருந்த ராமாத்தாள் அக்கா நிமிர்ந்தார்.

"போன தடவ தெரியாமப் போட்டேன் அம்மிணி. இந்தத் தடவ தெரிஞ்சே போடறேன். சின்னம் எந்தக் கருமாந்தரமா வேணா இருந்துட்டுப் போகுது. உம்பேர எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்குவேன்."

அத்தனை பேர் முன்னால் உடைந்து அழுதேன். கட்சியும் கொடியும் எல்லோருக்கும் பொது. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, தோற்ற வயிற்றெரிச்சலோடு அவர் ஜெயித்தவள் வீட்டுக்கு நடந்துவந்த அந்தக் காலை ஒன்றைத்தான். இரவல் ஓட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது சொந்தமாக ஒரு ஓட்டு இருக்கிறது, அண்ணாச்சி. மிச்சத்தை வீடு வீடாகப் போய் நானே கேட்டுக்கொள்கிறேன்.